தலைமடையும் கடைமடையும்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பழைய வல்லமைகளை ஏன் எட்ட முடிவதில்லை

1989 செப்டம்பர் 30. கான்சாஸ் மாநிலத்தின் மன்ஹாட்டன் என்ற சிறு நகரம். அங்குள்ள கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி, ஆட்டத்தின் கடைசி நொடியில் எடுத்த டச் டவுனால் நார்த் டெக்சாஸ் அணியை 20–17 என்று வென்றது. எதிரணி பெயர் பெற்ற அணியல்ல. கோப்பை எதுவும் கைக்கு வரவில்லை. ஆனாலும் அந்த ஊருக்கு அது மறக்க முடியாத நாள். 1986 அக்டோபருக்குப் பிறகு அந்த அணி கண்ட முதல் வெற்றி அது.

அந்த ஆண்டுதான் பில் ஸ்னைடர் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றிருந்தார். அவர் கைக்கு வந்தபோது அணியின் ஆயுள் கணக்கு 299 வெற்றி, 510 தோல்வி, 41 சமன். பெரிய கல்லூரி அணிகளில் 500 தோல்விகளை முதலில் தொட்டது இதுதான். ஸ்னைடர் சிறுகச் சிறுகக் கட்டினார். ஈராண்டுக் கல்லூரிகளில் ஆடிக்கொண்டிருந்த, பெரிய பல்கலைக்கழகங்கள் கண்டுகொள்ளாத இளைஞர்களைத் தேடிப் பிடித்தார். பருவத் தொடக்கத்தில் எளிய எதிரணிகளை வைத்துக்கொண்டு அணிக்கு நம்பிக்கை ஏற்றினார். 1997 முதல் 2000 வரை நான்கு பருவங்களில் ஒவ்வொன்றிலும் 11 ஆட்டங்கள் வென்றார். 1998இல் 11 ஆட்டங்களில் 11 வெற்றி. தேசிய இறுதி ஆட்டம் ஒரே ஒரு படி தூரத்தில் இருந்தது.

டிசம்பர் 5 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த, பல்கலைக்கழகங்கள் குழுவாகச் சேர்ந்து ஆடும் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் கான்சாஸ் ஸ்டேட் 27–12 என்று முன்னணியில் இருந்தது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணி விடாமல் துரத்திச் சமன் செய்தது. இரண்டாவது கூடுதல் நேரத்தில் ஆட்டம் 36–33 என்று கைநழுவியது. ஸ்னைடர் இரு தவணைகளாக 2018 வரை பணியாற்றி 215 வெற்றிகள் ஈட்டினார். தேசியப் பட்டம் மட்டும் வரவேயில்லை.

பாதாளத்திலிருந்து மலையின் தோள்பட்டைவரை ஏறியவருக்கு உச்சி மட்டும் ஏன் எட்டவில்லை? ஒரே ஒரு ஆட்டத்தின் தலைவிதி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அதே 1998இல் தொடங்கி 2024 வரையிலான 27 பருவங்களில், தேசிய இறுதி ஆட்டத்தை வென்ற பல்கலைக்கழகங்கள் 14 மட்டுமே. அந்த 14இல் ஒன்றுகூடப் புதுமுகம் இல்லை. எல்லாமே முன்பு ஏதோ ஒரு காலத்தில் பட்டம் பெற்றவை. 130க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் மோதும் மேல்மட்டப் பிரிவில், 1996இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் முதல் பட்டம் வென்ற பிறகு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் புதிய பெயர் எதுவும் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. உழைப்பின்மையோ பயிற்சியாளரின் திறமைக் குறைவோ இதற்குக் காரணமாக முடியாது. காரணம் ஆட்டத்தின் அமைப்பில் இருக்கிறது. அதன் மையத்தில் இருப்பது வீரரின் காலில் போட்டிருந்த கட்டு.

கல்லூரியே மாநிலத்தின் அணி

இங்கே பேசப்படுவது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் மோதிச் சாய்த்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரி மாணவர்கள் ஆடியதையே முதல் ஆட்டமாகக் கொள்கிறார்கள். தொழில்முறைக் கழகங்கள் தலையெடுக்கும் முன்பே ஆட்டம் கல்லூரிகளில் வேர்விட்டுவிட்டது. அலபாமா, நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களில் இன்றும் மேல்மட்டத் தொழில்முறைக் கழகம் கிடையாது. பல்கலைக்கழக அணிதான் மாநிலத்தின் அணி. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1927இல் திறந்த அரங்கில் இன்று 1,07,601 பேர் அமரலாம். ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கை கொண்ட கல்லூரி அரங்குகள் எட்டு இருக்கின்றன. நெப்ராஸ்காவின் அரங்கில் 1962 நவம்பர் முதல் எல்லா ஆட்டங்களுக்கும் டிக்கெட் விற்றுத் தீர்ந்ததாகக் கணக்கு.

இந்த அரங்குகளில் பல, நூறாண்டுக்கு முன் கட்டப்பட்டு மாடிமேல் மாடியாக வளர்ந்தவை. தாத்தா வாங்கிய பருவச் சீட்டு பேரன் கைக்கு வருகிறது. இப்படித் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த பற்று, இன்று புதிதாக எழ நினைக்கும் அணி எந்தக் கடையிலும் வாங்க முடியாத சொத்து.

முதலும் வட்டியும்

மற்ற விளையாட்டுகளில் மேடு பள்ளத்தைச் சமன்செய்ய ஏதாவது ஒரு வழி இருக்கும். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தில், கடைசி இடத்தில் முடித்த அணிக்கே மறு ஆண்டின் புதிய வீரர்களில் முதல் தேர்வு. ஐரோப்பியக் கழகங்களில் பணம் இருந்தால் எதிரணியின் நட்சத்திரத்தை விலைக்கு வாங்கிவிடலாம். அமெரிக்கக் கல்லூரியில் நெடுங்காலம் இரண்டுமே கிடையாது. பள்ளி முடிக்கும் 17, 18 வயதுப் பையன் தான் சேரும் கல்லூரியைத் தானே தேர்ந்தெடுப்பான். எல்லாக் கல்லூரிகளும் அன்று அவனுக்குத் தரக்கூடியதாக இருந்தது ஒன்றேதான்: படிப்புக்கும் தங்குவதற்கும் உணவுக்குமான உதவித்தொகை. விலை எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தபோது, பையன் பெயரைப் பார்த்துப் போனான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் கண் தொழில்முறை ஆட்டத்தின் மேல் இருக்கிறது. 2021ஆம் ஆண்டுத் தொழில்முறைத் தேர்வின் முதல் சுற்றில் அலபாமாவிலிருந்து மட்டும் 6 பேர் எடுக்கப்பட்டார்கள். 2022இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலிருந்து மொத்தம் 15 பேர் தேர்வானார்கள். எந்தப் பாதையில் முன்னவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்களோ அந்தப் பாதையில்தான் பின்னவரும் நடப்பார். நல்ல வீரர்கள் வந்தால் வெற்றி. வெற்றியால் தொலைக்காட்சி வெளிச்சமும் நன்கொடையும். அவற்றால் புதிய பயிற்சிக்கூடமும் விலையுயர்ந்த பயிற்சியாளரும். அவற்றைப் பார்த்து மறு ஆண்டு இன்னும் நல்ல வீரர்கள். முதல் வைத்திருப்பவனுக்கு வட்டி குட்டி போடுகிறது. முதலில்லாதவன் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கடை திறக்கிறான்.

பள்ளி வீரர்களுக்கு ஒன்று முதல் ஐந்துவரை நட்சத்திரம் வழங்கி மதிப்பிடும் வழக்கம் இணைய காலத்தில் வலுத்தது. நான்கு, ஐந்து நட்சத்திரம் பெறுவோர் நாடு முழுவதும் ஆண்டுக்குச் சில நூறு பேர்தான். விளையாட்டுச் செய்தியாளர் பட் எலியட் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்: ஓர் அணி சேர்த்த வீரர்களில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்களாக இல்லாவிட்டால் அது தேசியப் பட்டம் வெல்வதில்லை. ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து அணிகளே தாண்டும் வாசற்படி அது. 2024 பருவம்வரை இந்தக் கணக்கு பொய்க்கவில்லை.

ஸ்னைடரின் உச்சி ஏன் தவறியது என்பதற்கு இதுவே பெரிய விடை. மற்றவர் கவனிக்காத திறமையைக் கண்டெடுக்கும் கண், ஓர் அணியைச் சராசரிக்கு மேலே கொண்டுபோகும். ஆனால் பட்டத்துக்கு, சம வலிமையுள்ள அணிகளை அடுத்தடுத்து வெல்ல வேண்டும். ஒருவர் காயப்பட்டால் அவரளவு தேர்ந்த இன்னொருவர் வெளியே காத்திருக்க வேண்டும். முதல் வரிசை வீரர்களைத் தேடிப்பிடிக்கலாம். இரண்டாம், மூன்றாம் வரிசைவரை அப்படி நிரப்புவது கடினம்.

பணம் மட்டும் போதாது

பணத்தைக் கொட்டினால் இந்தச் சக்கரத்தை வெளியிலிருந்து முடுக்கிவிடலாமே என்று தோன்றும். அப்படி முடுக்கிப் பார்த்தவர்களில் முதன்மையானவர் நைக்கி நிறுவனத்தை நிறுவிய ஃபில் நைட். தான் படித்த ஓரிகன் பல்கலைக்கழகத்துக்கு 1990களின் நடுவிலிருந்து அவர் வாரி வழங்கினார். மின்னும் சீருடைகளும் பயிற்சி வளாகமும் நாடு முழுவதும் பேச்சாயின. சுமாரான அணியாக இருந்த ஓரிகன், 2010, 2014 பருவங்களில் தேசிய இறுதி ஆட்டம்வரை வந்தது. இரண்டிலும் தோற்றது: முதலில் ஆபர்னிடம், பிறகு ஓஹையோ ஸ்டேட்டிடம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் கதை இன்னும் கடுமையானது. பணத்துக்கும் பார்வையாளருக்கும் அங்கே குறைவே இல்லை. 2017 இறுதியில் ஜிம்போ ஃபிஷருக்குப் பத்தாண்டுக்கு 7.5 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தார்கள். 2023 நவம்பரில் அவரை விலக்கியபோது, ஒப்பந்தப்படி தர வேண்டிய மீதி அதே அளவுக்கு வந்து நின்றது. அந்தப் பல்கலைக்கழகத்தின் கடைசித் தேசியப் பட்டம் இன்றும் 1939ஆம் ஆண்டினுடையதுதான்.

பணத்தோடு மண்ணும் வேண்டும். டெக்சாஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா, கலிஃபோர்னியா மாநிலங்களில் பள்ளிக் கால்பந்து செழித்து விளைகிறது. ஓரிகனுக்கு உள்ளூர் விளைச்சல் குறைவு. தூர மாநிலப் பையனைத் தாய் தந்தை கண்ணிலிருந்து பிரித்துக் கூட்டிவர வேண்டும். டெக்சாஸில் விளைச்சல் மிகுதி. ஆனால் அறுவடைக்கு நாட்டின் எல்லாப் பெரிய பல்கலைக்கழகங்களும் அங்கே வந்து நிற்கின்றன.

நெப்ராஸ்கா இதன் மறுபக்கம். பாப் டெவனி, டாம் ஆஸ்போர்ன் என்ற இரு பயிற்சியாளர்கள் 1962 முதல் 1997 வரை அதை ஆண்டார்கள். 1970, 1971, 1994, 1995, 1997 என ஐந்து தேசியப் பட்டங்கள். மாநிலத்தின் மக்கள்தொகையோ இன்றும் 20 லட்சத்தை ஒட்டியதே. உதவித்தொகை இல்லாமலே வந்து சேரும் உள்ளூர்ப் பண்ணைப் பையன்களையும் தூர மாநில ஓட்டக்காரர்களையும் இணைத்து ஆஸ்போர்ன் அணியைக் கட்டினார். அவருக்குப் பின் ஆட்டத்தின் போக்கும் விதிகளும் மாறின. 1999க்குப் பிறகு நெப்ராஸ்கா கூட்டமைப்புப் பட்டம்கூட வென்றதில்லை. பழம்பெரும் பெயரும் நிரம்பிய அரங்கும் இருந்தும், வீரர்கள் வந்து சேரும் வாய்க்கால் அடைபட்டால் சிங்காசனமும் சரியும்.

1984: வேலி யாரைச் சுற்றி?

இரண்டாவது பெரிய காரணம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, 1950களின் தொடக்கத்திலிருந்து தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தன் கையில் வைத்திருந்தது. எந்த அணி எத்தனை முறை திரையில் வரலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 1984இல் உச்ச நீதிமன்றம் 7–2 என்ற கணக்கில் அந்த ஏகபோகத்தைச் சட்டவிரோதம் என்று தள்ளியது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி பைரன் ஒயிட், இளமையில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். கல்லூரி விளையாட்டைச் சாதாரணச் சரக்கு வணிகம்போல் எடைபோடக் கூடாது என்பது அவர் நிலை.

தீர்ப்புக்குப் பிறகு ஒளிபரப்பு உரிமையை விற்பது மெல்ல மெல்லக் கூட்டமைப்புகளின் கைக்குப் போனது. பல்கலைக்கழகம் எந்தக் கூட்டமைப்பில் இருக்கிறது என்பதே அதன் செல்வத்தைத் தீர்மானிக்கலாயிற்று. பிக் டென் கூட்டமைப்பு 2023இல் தொடங்கும் ஏழாண்டு ஒளிபரப்பு உரிமையைச் சுமார் 700 கோடி டாலருக்கு விற்றது. பிக் டென்னில் பழைய உறுப்பினர்கள் இந்த வருவாயைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நூறு தோல்வி கண்டவருக்கும் அதே பங்கு. வேலிக்கு உள்ளே இருப்பவருக்கு வறுமை இல்லை. வெளியே இருப்பவருக்கு எத்தனை வெற்றி வந்தாலும் செழிப்பு இல்லை.

வேலியைத் தாண்ட எத்தனை ஆண்டு பிடிக்கும் என்பதற்கு டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம் சான்று. 1996இல் அதன் பழைய கூட்டமைப்பு கலைந்தபோது, நான்கு டெக்சாஸ் பல்கலைக்கழகங்களைப் புதிய பிக் 12 எடுத்துக்கொண்டது; டெக்சாஸ் கிறிஸ்டியன் வெளியே விடப்பட்டது. சிறிய கூட்டமைப்புகள் மூன்றைக் கடந்து, 2010 பருவத்தில் 13 ஆட்டங்களும் வென்று, 2012இல்தான் பிக் 12க்குள் நுழைய முடிந்தது. பத்தாண்டு கழித்து 2022 பருவத்தில் தேசிய இறுதி ஆட்டத்தை எட்டியது. அங்கே ஜார்ஜியா 65–7 என்று நொறுக்கியது. நட்சத்திரக் கணக்கு சொன்ன இடைவெளி அன்று எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

வெளியேற்றம் இன்றும் நிற்கவில்லை. 2022, 2023 ஆண்டுகளில் பசிஃபிக் கரையோரக் கூட்டமைப்பு சிதறியபோது பத்துப் பல்கலைக்கழகங்கள் வேறு வீடு பார்த்துப் போயின. ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் அநாதையாக நின்றன. ஆட்டத்தில் தோற்றதற்கான தண்டனையல்ல இது. அவை சிறிய தொலைக்காட்சிச் சந்தைகளில் இருப்பதுதான் குற்றம்.

பெயருக்கு விழும் வாக்கு

நெடுங்காலம் தேசியப் பட்டத்தைத் தீர்மானித்தது திடல் மட்டுமல்ல. 1936 முதல் பத்திரிகையாளர்களின் வாக்கெடுப்பு உண்டு. பின்னர் பயிற்சியாளர்களின் வாக்கும் கணினித் தரவரிசையும் தேர்வுக் குழுவும் சேர்ந்தன. சந்தேகம் வரும்போதெல்லாம் வாக்கு பழைய பெயரின் பக்கம் சாயும். 1998இல் அந்த ஒரே தோல்விக்குப் பிறகும் கான்சாஸ் ஸ்டேட் இறுதித் தரவரிசையில் மூன்றாமிடத்தில் இருந்தது. ஆனால் பெரிய ஆட்டங்களுக்கு அணி தேர்ந்தவர்கள் நான்காமிடத்து ஓஹையோ ஸ்டேட்டையும் எட்டாமிடத்து ஃப்ளோரிடாவையும் அழைத்தார்கள்; கான்சாஸ் ஸ்டேட் இரண்டாந்தர ஆட்டத்துக்குப் போனது. மூன்றாமிடத்துக்கு இடம் உறுதி என்ற விதி அதற்குப் பிறகுதான் வந்தது.

2006 பருவத்தில் ஐடஹோ மாநிலத்தின் போய்சி ஸ்டேட் ஓர் ஆட்டமும் தோற்கவில்லை. 2007 புத்தாண்டு நாளில் ஓக்லஹோமாவைக் கூடுதல் நேரத்தில் 43–42 என்று வென்றது. பட்டத்துக்கு ஆட அதற்கு வாய்ப்பே தரப்படவில்லை. 2017இல் சென்ட்ரல் ஃப்ளோரிடா எல்லா ஆட்டமும் வென்றும் தேர்வுக் குழு அதைப் பன்னிரண்டாமிடத்தில் வைத்தது. அந்த ஆண்டு தேசிய இறுதியில் மோதிய அலபாமா, ஜார்ஜியா இரண்டையும் பருவத்தின்போது ஆபர்ன் வென்றிருந்தது. அந்த ஆபர்னைச் சென்ட்ரல் ஃப்ளோரிடா 34–27 என்று வீழ்த்தியது. 2024 பருவத்திலிருந்து 12 அணிகள் மோதும் முறை வந்த பிறகுதான், வாசலில் நிற்பவருக்கும் உள்ளே ஒரு நாற்காலி கிடைத்தது.

பயிற்சியாளர் போகலாம், வீரர் போகக் கூடாது

சிறிய அணி எழும்போது அதன் பயிற்சியாளரைப் பெரிய அணி தூக்கிக்கொண்டு போகும். யூட்டா பல்கலைக்கழகம் 2004இல் ஓர் ஆட்டமும் தோற்கவில்லை. அதன் பயிற்சியாளர் அர்பன் மையர் ஃப்ளோரிடாவுக்குப் போய் இரண்டு தேசியப் பட்டம் வென்றார். சின்சினாட்டி 2009இல் 12 ஆட்டமும் வென்றிருந்த நேரத்தில், பருவத்தின் இறுதி ஆட்டத்துக்கு முன்பே பிரையன் கெல்லி நோட்டர் டேமுக்குப் புறப்பட்டார். அந்த ஆட்டத்தில் சின்சினாட்டி ஃப்ளோரிடாவிடம் 51–24 என்று தோற்றது. பின்னாளில் பட்டங்களைக் குவித்த பயிற்சியாளர் நிக் சேபனையே மிச்சிகன் ஸ்டேட்டிலிருந்து 1999 இறுதியில் எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அழைத்துக்கொண்டது; அங்கே ஒன்றும் பிறகு அலபாமாவில் ஆறும் என ஏழு பட்டங்கள் அவர் வென்றார். ஸ்னைடர் போன்று ஒரே இடத்தில் வேரூன்றியவர்கள் அபூர்வம்.

பயிற்சியாளர் நள்ளிரவில்கூடக் கிளம்பலாம். அவரை நம்பி வந்த வீரர் கிளம்பினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். பல பத்தாண்டுகள் இருந்த விதி இது. பள்ளி முடித்து மூன்றாண்டு ஆகாமல் தொழில்முறைத் தேர்வுக்கும் போக முடியாது. நான்கு பருவங்களே ஆடக்கூடிய இளைஞனுக்கு ஓராண்டு என்பது கால்பங்கு ஆயுள். ஆகவே பெரிய அணியின் இரண்டாம் வரிசையில் இருந்த பையன், வேறெங்காவது முதல் வரிசையில் ஆடக்கூடிய திறமை இருந்தும், காத்துக்கிடந்தான். அந்தக் காத்திருப்புதான் பெரிய அணியின் ஆழம். சிறிய அணிகளுக்குத் தேவையான வீரர்கள் நாட்டில் இல்லாமல் இல்லை. பெரிய அணிகளின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆற்றுப் பாசனத்தில் தலைமடைக்காரன் வயல் நிரம்பி வழியும்போதும் கடைமடையில் மண் வெடித்துக் கிடக்கும். நீர் போதாமல் அல்ல. திறந்துவிடும் மதகு ஒருவர் கையில் இருப்பதால். கல்லூரிக் கால்பந்தின் வரலாற்றில் புதிய வல்லமைகள் எழுந்த காலங்களைப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு மதகு திறந்திருக்கிறது.

மதகு திறந்த காலம்

தென்மாநிலப் பெரிய பல்கலைக்கழகங்கள் 1960களின் இறுதிவரை கறுப்பின வீரர்களை ஏறக்குறைய முற்றாக விலக்கி வைத்திருந்தன. 1967இல் கென்டக்கியின் நேட் நார்த்திங்டன் தென்கிழக்குக் கூட்டமைப்பில் ஆடிய முதல் கறுப்பினக் கால்பந்து வீரரானார். 1970 செப்டம்பரில் பர்மிங்ஹாம் நகரில் தென் கலிஃபோர்னியா அணி அலபாமாவை 42–21 என்று வென்றது. வென்ற அணியின் கறுப்பின வீரர் சாம் கன்னிங்ஹாமின் ஓட்டம் அந்த ஆட்டத்தின் நினைவாக நின்றது. அதன் பின் தெற்கின் கதவுகள் வேகமாகத் திறந்தன. 1973இல் ஓர் அணி தரக்கூடிய கால்பந்து உதவித்தொகைக்கு 105 என்று வரம்பு வந்தது. 1978இல் 95, 1990களில் 85. பதுக்கி வைக்க முடிந்த வீரர் எண்ணிக்கை குறையக் குறைய, மீதிப் பேர் வேறு இடம் தேடினார்கள்.

இந்த நீர் முதலில் பாய்ந்தது ஃப்ளோரிடாவில். 1950இல் சுமார் 28 லட்சமாக இருந்த அந்த மாநில மக்கள்தொகை 1980இல் ஒரு கோடியை நெருங்கியது. ஃப்ளோரிடா ஸ்டேட் 1947வரை பெண்கள் கல்லூரி. 1973 முதல் 1975 வரை மூன்று பருவங்களில் அதற்கு மொத்தம் நான்கே வெற்றி. 1976இல் வந்த பாபி பவுடன், யார் அழைத்தாலும் அவர்கள் ஊருக்கே போய் ஆடினார். 1981இல் நெப்ராஸ்கா, ஓஹையோ ஸ்டேட், நோட்டர் டேம், பிட்ஸ்பர்க், எல்.எஸ்.யூ. என ஐந்து வல்லமைகளை அடுத்தடுத்து அவர்கள் திடலிலேயே சந்தித்து மூன்றை வென்றார். 1987 முதல் 2000 வரை 14 பருவம் தொடர்ந்து அந்த அணி முதல் ஐந்து இடங்களுக்குள் முடித்தது. மயாமி பல்கலைக்கழகம் 1970களில் கால்பந்தையே கைவிடலாமா என்று யோசித்த இடம். 1979இல் வந்த ஹவர்ட் ஷ்நெலன்பெர்கர் தெற்கு ஃப்ளோரிடாவின் பையன்களை வெளியே விடாமல் அள்ளிக்கொண்டார். 1984 ஜனவரி 2 அன்று மயாமி, அசைக்க முடியாததாகத் தோன்றிய நெப்ராஸ்காவை 31–30 என்று வென்று முதல் பட்டத்தை எடுத்தது.

பவுடனும் ஷ்நெலன்பெர்கரும் மாபெரும் பயிற்சியாளர்கள்; ஐயமில்லை. ஸ்னைடரும் அவர்களுக்குச் சளைத்தவரல்ல. வேறுபாடு, நின்ற இடமும் காலமும். அவர்கள் மதகு திறந்த வாய்க்காலின் கரையில் நின்றார்கள். ஸ்னைடர் மதகு மூடிய பிறகு கடைமடையில் கிணறு வெட்டினார்.

ப்ளூமிங்டன்

அடுத்த மதகு 2018இல் திறக்கத் தொடங்கியது. வீரர் பயிற்சியாளரின் அனுமதி கேட்காமலே தன் பெயரை இடமாற்றப் பட்டியலில் பதியலாம் என்றானது. 2021இல், ஒரு முறை மாறினால் உட்காரத் தேவையில்லை என்ற விதி வந்தது; 2024இல் எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம், வீரர்கள் தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கில் ஒருமனதாக வீரர் பக்கம் நின்றது. மறு மாதமே வீரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் வைத்துச் சம்பாதிக்க வழி பிறந்தது. 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற உடன்படிக்கையின்படி, பல்கலைக்கழகமே தன் விளையாட்டு வீரர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்வரை நேரடியாகப் பகிரலாம்.

சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் வீரர்களுக்கு மறைவாகப் பணம் கொடுத்ததற்காக அதன் 1987ஆம் ஆண்டுப் பருவமே ரத்து செய்யப்பட்டது. மறு ஆண்டும் அது ஆடவில்லை. அந்தக் காயத்திலிருந்து எழுந்து தேசிய நிலைக்குத் திரும்ப அதற்கு ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. அன்று மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்த கொடுப்பனவு இன்று நடைமுறை விதி.

இந்தப் புதிய காலத்தின் மாபெரும் நிகழ்வு இண்டியானா மாநிலத்தின் ப்ளூமிங்டன் நகரில் நடந்தது. இண்டியானா பல்கலைக்கழகம் கூடைப்பந்துக்குப் பேர்போனது. கால்பந்தில் 700க்கும் மேற்பட்ட தோல்விகளைச் சுமந்தது. தன் வரலாற்றில் ஒரு பருவத்திலும் பத்து வெற்றி கண்டதில்லை. 2023இல் 3 வெற்றி, 9 தோல்வி. அப்போது ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து கர்ட் சிக்னெட்டி வந்தார். கூடவே அங்கே அவரிடம் ஆடிய 13 பேரும் வந்தார்கள். 2024இல் 11 வெற்றி. 2025இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து மாறிவந்த ஃபெர்னாண்டோ மெண்டோசா அணியை வழிநடத்தி, நாட்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதைப் பெற்றார். இண்டியானா ஓஹையோ ஸ்டேட்டை 13–10 என்றும், ரோஸ் பவுல் ஆட்டத்தில் அலபாமாவை 38–3 என்றும் வென்றது. 2026 ஜனவரி 19 அன்று மயாமியை 27–21 என்று வீழ்த்தி, 16 ஆட்டங்களில் 16 வெற்றியோடு முதல் தேசியப் பட்டத்தை எடுத்தது. நட்சத்திரக் கணக்கின் பாதிப்பங்கு வாசற்படியை அது நெருங்கக்கூட இல்லை. பள்ளியில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத பையன்கள், வேறு கல்லூரிகளில் ஆடித் தேர்ந்து, முதிர்ந்த ஆட்டக்காரர்களாக ஓர் அணியில் கூடியதால் வந்த வெற்றி அது.

ஸ்னைடருக்கும் சிக்னெட்டிக்கும் கண் ஒன்றுதான்: மற்றவர் தவறவிட்டதைப் பார்க்கும் கண். ஸ்னைடர் காலத்தில் அந்தக் கண்ணுக்கு ஈராண்டுக் கல்லூரிகள் என்ற ஓர் ஓடை மட்டும் இருந்தது. சிக்னெட்டிக்கு நாடு முழுவதும் ஓடும் ஆறு கிடைத்தது.

இத்தோடு மேடு பள்ளம் சமமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. இண்டியானா கால்பந்தில் ஏழையாக இருந்ததே தவிர, 1899 முதல் பிக் டென் உறுப்பினர். ஒளிபரப்புப் பணத்தில் ஓஹையோ ஸ்டேட்டுக்குச் சமமான பங்காளி. அதனால்தான் சிக்னெட்டியை மற்றவர் இழுத்துப் போகாமல், ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வைத்துக்கொள்ள முடிந்தது. ஜேம்ஸ் மேடிசனால் அது முடியவில்லை. பயிற்சியாளரையும் 13 வீரர்களையும் ஒரே குளிர்காலத்தில் இழந்தது. திறந்த மதகு, வேலிக்கு உள்ளே இருந்த கடைமடைக்கு நீர் கொண்டுவந்தது. வேலிக்கு வெளியே இருந்த குளத்தை வற்றவும் வைத்தது. வேலி அப்படியே இருக்கும்வரை இந்த இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

இருந்தாலும் ஒன்று தெளிவாகிவிட்டது. பாரம்பரியத்தின் மகிமை என்று நூறாண்டு போற்றப்பட்டதில் ஒரு பகுதி, போக வழியில்லாமல் பெஞ்சில் காத்துக்கிடந்த இளைஞர்களின் ஆண்டுகள். சம்பளம் இல்லாமல், மாறும் உரிமை இல்லாமல், அவர்கள் தந்த ஆண்டுகளின் மேல்தான் அந்த ஆழம் எழும்பியிருந்தது. அவர்களுக்கு எழுந்து நடக்கும் உரிமை வந்த ஐந்தாவது ஆண்டில், 700 தோல்வி கண்ட ஓர் ஊர் பட்டம் சூடியது. சிறிய அணிகள் ஏன் எட்டவில்லை என்று கேட்டவர்கள் எல்லாம் பயிற்சியாளரையும் பணப்பெட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்திருக்க வேண்டியது திடலின் ஓரத்தில், கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, தன் முறைக்காக உட்கார்ந்திருந்த அந்தப் பையனை.